ஓடும்போதே அணையும் எஞ்சின்: கோளாறை வரவழைத்துப் பிடித்த ஒரு நிகழ்வு

வண்டி நான்கு சிலிண்டர் பெட்ரோல், மேனுவல் கியர், எட்டு வயதானது. டர்போ, நேரடி இன்ஜெக்‌ஷன் போன்ற சமாசாரங்கள் இல்லாத எளிய எஞ்சின். ஓட்டுவது என் அக்கா. புகார் இதுதான்: ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகி வீடு வந்து சேர்கிறது. செக் இன்ஜின் லைட் எரிவதில்லை.

இப்படி வந்து வந்து போகும் கோளாறை எந்தச் சர்வீஸ் சென்டரும் விரும்பாது. காலையில் வண்டியை விட்டுவிட்டுப் போகிறோம். மெக்கானிக் கைக்கு அது வரும்போது எஞ்சின் ஆறிக் கிடக்கும். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறார், ஜம்மென்று ஓடுகிறது. ஸ்கேனர் மாட்டுகிறார்; கோடு, அதாவது வண்டி பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீடு, எதுவும் இல்லை. ‘சோதித்ததில் குறை காணப்படவில்லை’ என்று ஜாப் கார்டில் எழுதுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில், அந்தச் சூட்டில், குறை இல்லைதான். ஆனால் வண்டியைச் சும்மா திருப்பி அனுப்ப மனசு வராது. ஏதாவது ஒரு பாகத்தைக் கழுவுவார்கள், இல்லையென்றால் மாற்றுவார்கள். கோளாறு தன் போக்கில் சில நாள் வராமல் இருக்கும். சரியாகிவிட்டது என்று இரண்டு தரப்பும் நம்பும்.

இந்த வண்டியில் அந்த நம்பிக்கை திரும்பத் திரும்பப் பொய்த்தது. ஒரு பாகத்தை மாற்றிய பிறகு கோளாறு வரவில்லை என்பதற்கும், கோளாறு தீர்ந்துவிட்டது என்பதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று இந்த நிகழ்வு நன்றாகக் காட்டியது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

கரி, கிளட்ச், பம்ப்

முதலில் நடந்தது, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியின் கிளீனிங். அதோடு பிளக்குகளும் புதிதாயின. இதைத் தப்பு என்று சொல்ல முடியாது. த்ராட்டில் தட்டின் ஓரத்தில் கரி படிந்தால் ஐட்லிங்குக்குப் போக வேண்டிய சிறிதளவு காற்று தடைபடும்; சிக்னலில் காலை எடுத்ததும் எஞ்சின் தடுமாறி நிற்கும். மிகச் சாதாரணமாக வரும் கோளாறு. ஆனால் அது நிற்கும் விதமே வேறு. ஆர்பிஎம் முள் 800இலிருந்து 600, 400 என்று இறங்கும், வண்டி ஒரு குலுங்கு குலுங்கும், அப்புறம்தான் அணையும். உடனே சாவியைத் திருகினால் பிடித்துக்கொள்ளும்.

அக்கா சொன்னது அப்படி இல்லை. “யாரோ சாவியத் திருப்பி அணைச்ச மாதிரி இருக்குடா. குலுங்கல்லாம் இல்ல. அப்புறம் கால் மணி நேரம் செல்ஃப் மட்டும் சுத்துது, பிடிக்க மாட்டேங்குது.” இந்த இரண்டு விவரங்களும் ஜாப் கார்டில் ஏறவே இல்லை. அதில் இருந்தது ‘வண்டி சில நேரம் நிற்கிறது’ என்ற ஒற்றை வரி. சர்வீஸ் அட்வைசர் கேட்டதோ வேறு: “மேடம், டிராஃபிக்ல கிளட்ச்ச டக்குன்னு விட்டுடறீங்களா?” அக்கா வருடக்கணக்காக மேனுவல் ஓட்டுகிறவள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அடுத்த தடவை என்னையும் கூட வரச் சொன்னாள்.

அதற்குள் வண்டி மறுபடியும் நடுரோட்டில் நின்றது. இந்த முறை சர்வீஸ் சென்டரிலிருந்தே ஒரு பையன் வந்தான், வண்டி இன்னும் ஸ்டார்ட் ஆகாத நிலையிலேயே. இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. அவன் அக்காவைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, பின் சீட்டைத் தூக்கி டேங்க் மூடியில் காதை வைத்துக் கேட்டான். பம்ப் ஓடும் சத்தம் இல்லை. “ஃப்யூயல் பம்ப் போச்சுக்கா, மாத்தணும்” என்று முடித்துவிட்டான்.

கேட்டது சரி, முடிவுதான் அவசரம். எரிபொருள் பம்ப் தன்னிஷ்டத்துக்கு ஓடுவதில்லை. சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும் எஞ்சினின் கம்ப்யூட்டர், அதாவது ஈசியூ, இரண்டு விநாடி போலப் பம்பை ஓட்டி லைனில் அழுத்தம் ஏற்றிவிட்டு நிறுத்திவிடும். எஞ்சின் சுற்றுகிறது என்ற செய்தி, எஞ்சினின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சாரிலிருந்து வந்தால்தான் மறுபடி ஓட்டும். விபத்தில் எஞ்சின் நின்றுபோன பிறகும் பம்ப் பெட்ரோலை இறைத்துக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆகவே செல்ஃப் அடிக்கும்போது பம்ப் மௌனமாக இருந்தால் பம்பே போயிருக்கலாம். அல்லது எஞ்சின் சுற்றுவதே ஈசியூவுக்குத் தெரியாமல் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு கேள்வி போதும். “சாவி ஆன் பண்ணதும் பின்னாடி எப்பவும் கேக்குற சத்தம் கேட்டுச்சா?” என்றேன். “உய்ங்ன்னு கேட்டுச்சே” என்றாள். பம்புக்கும், அதன் ரிலேவுக்கும், ஃபியூஸுக்கும் அப்போது உயிர் இருந்திருக்கிறது.

பம்பினாலும் ஓடும் வண்டி அணையும், அதை மறுக்கவில்லை. டென்சோ தயாரித்த பம்புகளில் இருந்த இம்பெல்லர், அதாவது உள்ளே சுழலும் சக்கரம், எரிபொருளை உறிஞ்சி உருமாறிவிடுகிறது என்று 2020இல் டொயோட்டா, ஹோண்டா போன்ற நிறுவனங்கள் பெரும் எண்ணிக்கையில் கார்களைத் திரும்ப அழைத்தன. ஆனால் அழுத்தம் குறைந்து நிற்கும் வண்டி பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும்: பிக்கப் போகும், ஏற்றத்தில் இழுக்காது, ஜெர்க் அடிக்கும். இந்த வண்டி எதையும் சொல்லாமல் நின்றது. பம்பை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அட்வைசருக்கு அது பிடிக்கவில்லை.

முள் எப்போது விழுந்தது

இதற்கு மேல் சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டுப் பிரயோஜனம் இல்லை என்று தோன்றியது. கோளாறு வரும் நேரத்தில் பக்கத்தில் இருப்பது அக்காதான். ஆகவே பார்க்க வேண்டியதும் அவள்தான். ஃபோனில் ஒரு குறிப்பு திறந்து கொடுத்தேன். வண்டி எடுத்து எவ்வளவு நேரம் ஆனது, சூடு காட்டும் முள் எங்கே, எந்தக் கியர், ஏசி ஓடியதா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், அணைந்ததும் மீட்டர் போர்டில் என்னென்ன விளக்குகள் எரிந்தன, பாட்டு நின்றதா, திரும்ப எவ்வளவு நேரத்தில் ஸ்டார்ட் ஆனது. பெட்ரோல் அளவைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. டேங்க் நிரப்பிய கையோடு மட்டும் அணைகிறது என்றால், டேங்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டதா என்ற பக்கம் தேடிப் போக வேண்டும். அது முற்றிலும் வேறு கதை.

கூடவே, ஈசியூவோடு பேசி அளவுகளைப் படிக்கும் ஒரு ப்ளூடூத் ஓபிடி கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு முனை சாக்கெட்டில் மாட்டிவிட்டு, ஃபோன் செயலியில் வேகம், ஆர்பிஎம், கூலன்ட் சூடு மூன்றையும் பதியும்படி வைத்தேன். இந்தச் சின்னக் கருவிகள் விநாடிக்குச் சில முறைதான் அளவு எடுக்கும். நமக்கு அது போதும்.

ஒன்றை அக்காவிடம் முதலிலேயே சொல்லிவைத்தேன். அணைந்ததும் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. எஞ்சின் நின்ற பிறகு, பிரேக் மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்ட வேண்டும். ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். வண்டி நிற்கும்வரை சாவியை உருவக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

சில நாளில் மாட்டியது. செயலியில் பதிந்த வரிசையைப் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. வேகம் 34, ஆர்பிஎம் 2,150. அடுத்த வரி: வேகம் 33, ஆர்பிஎம் 0. அதற்கடுத்தும் வேகம் 31, ஆர்பிஎம் 0. இரண்டாவது கியர், கிளட்ச் மிதிக்கவில்லை. சக்கரம் எஞ்சினைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் அப்போது இரண்டாயிரத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கும். பெட்ரோல் வராமல் நின்ற எஞ்சினாக இருந்தால் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து ஆர்பிஎம்மும் மெல்லத்தான் இறங்கும். சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குப் பூஜ்யம் என்று ஈசியூ எழுதுகிறது என்றால், எஞ்சின் நிற்பதற்கு முன்னாலேயே ஈசியூவின் பார்வை போய்விட்டது என்றுதான் அர்த்தம். பார்வை போனதால் அது இக்னிஷனையும் இன்ஜெக்டரையும் நிறுத்தியது. அதனால் எஞ்சின் நின்றது.

அக்காவின் குறிப்பும் ஒத்துப்போனது. ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிந்திருக்கின்றன, மீட்டர் போர்டு இருண்டுபோகவில்லை. இது இக்னிஷன் ஸ்விட்சை விலக்குகிறது. 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததே, அந்த ஸ்விட்ச் கோளாறில் கனமான சாவிக்கொத்தோ ஒரு குலுங்கலோ சாவியை ஆன் நிலையிலிருந்து அக்சஸரி நிலைக்கு நழுவ வைத்துவிடும். அந்த நிலையில் பாட்டு பாடிக்கொண்டே இருக்கும், ஆனால் ஏர்பேக் வேலை செய்யாது. ஆகவே ‘பாட்டு நிக்கல’ என்பதை மட்டும் வைத்து ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது, விளக்குகளைப் பார்க்க வேண்டும். ஈசியூவுக்கு மின்சாரம் கொடுக்கும் மெயின் ரிலேவும் சந்தேகப் பட்டியலிலிருந்து விலகியது. அது துண்டித்திருந்தால் ஈசியூவே உயிரிழந்து செயலியோடு பேச்சு அறுந்திருக்கும். இங்கே ஈசியூ விடாமல் பேசிக்கொண்டிருந்தது.

நின்ற பிறகு அக்கா செல்ஃப் அடித்தபோதும் செயலியில் ஆர்பிஎம் 0. செல்ஃப் சுற்றினால் அநேகமாக 200 சுற்றுக்கு மேல் காட்ட வேண்டும். நீண்ட நேரம் அடித்ததில் ‘பென்டிங்’, அதாவது இன்னும் உறுதியாகாத கோடுகளின் பட்டியலில் ஒன்று வந்திருந்தது: பி0335, கிராங்க் சென்சார் பக்கக் கோளாறு. நல்ல வேளை, அக்கா அதைப் படம் பிடித்து வைத்திருந்தாள். அடுத்த நாள் அது இல்லை.

கோடு ஏன் ஒளிந்து விளையாடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘கோடு இல்லை, ஆகவே குறை இல்லை’ என்ற வாதம் சர்வீஸ் சென்டரில் அடிக்கடி வரும். கிராங்க் சென்சாரின் சிக்னல் அறுந்தால் ஈசியூ பார்ப்பது ‘எஞ்சின் சுற்றவில்லை’ என்பதை மட்டும்தான். நாம் சாவியை அணைத்தாலும் அதற்கு அதேதான் தெரியும். வால்வுகளை இயக்கும் தண்டைக் கவனிக்கும் கேம் சென்சாரிலிருந்து துடிப்பு வந்துகொண்டே இருக்க, கிராங்க் பக்கம் மட்டும் குறிப்பிட்ட நேரம் அமைதியாக இருந்தால்தான் சந்தேகப்படும். அப்போதும் பல சமயம் முதல் தடவை பென்டிங் என்று குறித்துக்கொள்ளும், விளக்கு போடாது. அடுத்த ஓட்டத்தில் அது திரும்ப நடக்கவில்லை என்றால் குறிப்பு தானாக மறைந்துவிடும். போதாததற்கு, த்ராட்டில் கிளீனிங்கின்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டும் பழக்கம் இருக்கிறது. சேமித்திருந்த கொஞ்சநஞ்சமும் அதோடு போய்விடும்.

ஜாப் கார்டில் எழுதியது

அடுத்த முறை போனபோது அட்வைசர் பழையபடி ஒரு வரியில் எழுதப் போனார். “சார், நாங்க எழுதிக் கொடுத்தத அப்படியே ஏத்திடுங்க” என்று கேட்டுக்கொண்டோம். ஏற்றினார். அது இப்படி இருந்தது:

‘முக்கால் மணி நேரமாவது ஓடி எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது, நெரிசலில் ஒன்று அல்லது இரண்டாம் கியரில் ஊரும் நேரத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் அணைகிறது. வண்டி நகரும்போதே ஆர்பிஎம் பூஜ்யம் ஆகிறது. ஆயில், பேட்டரி விளக்குகள் எரிகின்றன. ஸ்கேனர் தொடர்பு அறுவதில்லை. 10 முதல் 20 நிமிடம் செல்ஃப் மட்டும் சுற்றுகிறது. அப்போதும் ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யம். சாவி ஆன் செய்ததும் பம்ப் சத்தம் உண்டு. ஆறிய எஞ்சினில் ஒருமுறைகூட வந்ததில்லை. கோடுகளை அழிக்க வேண்டாம், பேட்டரி கழற்ற வேண்டாம்.’

இதன் பலன் உடனே தெரிந்தது. வண்டி வழக்கமாகப் போகும் பையனிடம் போகாமல் மூத்த டெக்னீஷியன் ஒருவரிடம் போனது. ஐம்பதை நெருங்கியவர், எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. கார்டைப் படித்ததும் “இது கிராங்க் சென்சார் லைன்தான்” என்றார்.

அந்த எஞ்சினில் சென்சார், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்து உறையான பெல் ஹவுசிங்கில், எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தின் பற்களைப் பார்த்தபடி இருக்கிறது. இரண்டு வயர் கொண்ட காந்தச் சுருள் வகை. கப்ளரை, அதாவது வயர் இணைப்பை, கழற்றி மல்டிமீட்டரில் ஓம் (மின் தடை) பார்த்தார்: 860. நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது பணிமனைச் சூட்டில், 30 டிகிரியை ஒட்டி எடுத்த அளவு. தாமிரத்தின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 100 டிகிரியில் இதே சுருள் ஏறத்தாழ 1,090 ஓம் காட்ட வேண்டும். சுருளில் எங்காவது மயிரிழை முறிவு இருந்தால் சூட்டில் விரிந்து முடிவிலிக்குப் போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். குளிரில் 860 காட்டுவதால் சென்சார் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது. சூட்டில் அளந்து பார்க்கலாமே என்றேன். வேலை நெருக்கடி, “சென்சார் ஸ்டாக்ல இருக்கு சார், போட்டுப் பாத்துடலாம்” என்று அட்வைசர் சொல்ல, சென்சார் மாறியது.

பி0335 சொல்வது கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்பதைத்தான். சர்க்யூட் என்றால் சென்சார், கப்ளர், இரண்டு வயர், ஈசியூவின் முனை எல்லாம் சேர்ந்தது. கோடு பெயரில் எந்தப் பாகம் வருகிறதோ அதை மாற்றுவது சர்வீஸ் சென்டர்களில் ஊறிப்போன பழக்கம். பாதி நேரம் அதிர்ஷ்டம் கைகொடுக்கும், அதனால் பழக்கமும் போவதில்லை.

சில வாரங்கள் வண்டி நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு மாலை, நெரிசலில், அதே மாதிரி நின்றது.

வரவழைத்தல்

இந்த இடத்தில்தான் அண்ணன் மேல் எனக்கு மரியாதை வந்தது. புது சென்சாரே மோசம் என்றோ, ஈசியூ போயிருக்கும் என்றோ அவர் ஆரம்பிக்கவில்லை. “நம்ம கண்ணு முன்னால ஒரு தடவை நிக்கணும். அதுக்கு முன்னால எதையும் தொடக் கூடாது” என்றார். அட்வைசரிடம் பேசி ஒரு மதிய நேரத்தை இதற்கென்று ஒதுக்கி வாங்கினார். என்னைக் கேட்டால், மாறிய எந்தப் பாகத்தையும்விட இந்த ஒதுக்கப்பட்ட நேரம்தான் இந்த வண்டிக்குக் கிடைத்த உண்மையான சிகிச்சை.

ஈசியூ கப்ளரின் பின்பக்கமாக கிராங்க் சிக்னல் முனைகள் இரண்டிலும் மெல்லிய ஊசிகளைச் செருகி, வயரை உள்ளே இழுத்து, பக்கத்து சீட்டில், சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் ஒரு கையடக்க ஆசிலோஸ்கோப்பை வைத்தார். மல்டிமீட்டர் இதற்கு ஏன் ஆகாது என்பதற்கு ஒரு கணக்கு: ஃப்ளைவீலைச் சுற்றி 60 பல்லுக்கான இடம், அதில் இரண்டு பல் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது, அந்த இடைவெளியை வைத்துத்தான் எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று ஈசியூ கண்டுபிடிக்கிறது. 800 ஆர்பிஎம்மில் ஒரு பல் கடந்துபோக 1.25 மில்லி விநாடிதான். 20 மில்லி விநாடி வயர் விட்டுப்போனால் 16 பல் காணாமல் போய், ஈசியூவின் எண்ணிக்கை குழம்பிவிடும். விநாடிக்கு நாலைந்து முறை மட்டும் திரையைப் புதுப்பிக்கும் மீட்டரில் அது தெரியவே தெரியாது.

அக்காவின் குறிப்பு இப்போது சமையல் குறிப்பாகப் பயன்பட்டது. முதலில் நன்றாக ஓட்டி எஞ்சினைச் சூடேற்றினோம். அப்புறம் ஏசியைப் போட்டு, பானெட்டை மூடியபடி நிறுத்தி ஐட்லிங்கில் விட்டோம். காற்று ஓட்டம் இல்லாததால் கீழே சைலன்சர் பைப்பின் சூடு அப்படியே தேங்கும். அதற்குப் பிறகு முதல் கியரில் ஊர்ந்தோம். அண்ணன் ஆக்சிலரேட்டரை மிதிப்பதும் விடுவதுமாக ஓட்டினார். கீழ் கியரில் இப்படிச் செய்தால் எஞ்சின் தன் மவுன்ட்டின் மேல் முன்னும் பின்னும் நன்றாக ஆடும். நெரிசலில் நாம் எல்லோரும் செய்வது இதைத்தான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. திரையில் பற்கள் அலை அலையாக, நடுநடுவே அந்த இரண்டு பல் இடைவெளியோடு ஓடிக்கொண்டிருந்தன. பிறகு ஒருமுறை அண்ணன் காலை எடுத்ததும் அலை ஒரு துண்டு காணாமல் போய்த் திரும்ப வந்தது. வண்டி லேசாகத் தடுக்கியதே தவிர ஓடியது. “பாத்தீங்களா?” என்றார். அடுத்த சில ஆட்டத்தில் அலை மறைந்து கோடு தட்டையானது, எஞ்சின் அணைந்தது. இதற்கு முன் அந்த வண்டி நின்றபோதெல்லாம் எங்களுக்கு எரிச்சல்தான் வரும். அன்று இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

இனி அவசரம். ஆறிவிட்டால் கதை முடிந்தது. அண்ணன் சாவியை அணைத்து, ஈசியூ கப்ளரைக் கழற்றி, வயர் பக்க முனைகளுக்கு இடையே ஓம் பார்த்தார். முடிவிலி. கீழே இறங்கி, கை சுடாமல் துணி சுற்றிக்கொண்டு சென்சார் கப்ளரைக் கழற்றி, சென்சாரை மட்டும் அளந்தார்: 1,060 ஓம். அந்தச் சூட்டுக்கு இருக்க வேண்டிய அளவுதான். ஆக, சென்சார் முழுசாக இருக்கிறது. அதிலிருந்து ஈசியூ வரைக்கும் போகும் வயரில் எங்கோ விட்டிருக்கிறது. மாற்றப்பட்ட பழைய சென்சாரும் நல்லதுதான் என்பது கிட்டத்தட்ட அப்போதே தெரிந்துவிட்டது.

இடத்தைக் கண்டுபிடிக்க மீட்டரை மாட்டியபடியே வயரை அடி அடியாக அசைத்துப் பார்த்தார். பெல் ஹவுசிங்குக்கு மேலே ஒரு கை அளவு தூரத்தில், அசைத்தால் ஓம் வருகிறது, விட்டால் போகிறது. அந்த இடத்தில் வயரைப் பிடித்து வைக்கும் கிளிப்புக்கான துளை ஹவுசிங்கில் இருந்தது, கிளிப்பைக் காணோம். பிடிமானம் இல்லாத வயர் தொங்கி, சைலன்சர் பைப்பின் ஹீட் ஷீல்டை ஒட்டிக் கிடந்திருக்கிறது. மேல் உறை பிஸ்கட் மாதிரி மொறுமொறுப்பாகிவிட்டது. அண்ணன் பிளேடால் கீறிப் பார்த்தபோது ஒரு வயரின் உள்ளே தாமிர இழைகள் எல்லாமே முறிந்திருந்தன. வெளித்தோல் மட்டும் அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆறியிருக்கும்போது முனைகள் ஒன்றை ஒன்று தொட்டபடி இருக்கும். சூட்டில் உறை இளகி, எஞ்சின் ஆடும்போது வயர் இழுபட்டால் விலகிவிடும். சூடு மட்டும் போதாது, ஆட்டம் மட்டும் போதாது, இரண்டும் சேர வேண்டும். அதனால்தான் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓடியும் ஒன்றும் ஆகவில்லை. சென்சார் மாற்றியபோது அந்த வயரைக் கையால் நகர்த்தியிருப்பார்கள். முனைகள் வேறு வாகில் பொருந்தி, சில வாரம் ஓடியிருக்கிறது.

முந்தைய வருடம் கிளட்ச் மாற்றியிருந்தோம். கியர்பாக்ஸை இறக்க அந்த வயரைக் கழற்றியே ஆக வேண்டும்; திரும்ப மாட்டும்போது கிளிப் விட்டுப்போயிருக்க வேண்டும்.

வேலையும் சரிபார்த்தலும்

முறிந்த இடத்தை முறுக்கி டேப் சுற்றலாம் என்று உதவியாளர் சொன்னதை அண்ணன் கேட்கவில்லை. காந்தச் சுருள் சென்சாரின் சிக்னல் எஞ்சினின் வேகத்தைப் பொறுத்தது; செல்ஃப் சுற்றும் வேகத்தில் மிகச் சிறிய வோல்ட்தான் வரும். வயரில் கூடுதல் தடையோ, பக்கத்து இக்னிஷன் வயரிலிருந்து இரைச்சலோ ஏறினால் ஸ்டார்ட்டிங்கிலேயே தகராறு செய்யும். ஆகவே கருகிய பகுதி முழுவதையும் வெட்டி எடுத்து, ஒன்றோடொன்று முறுக்கிய, ஷீல்டு உள்ள வயரையே போட்டு, கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டினார். இரண்டு வயரும் இடம் மாறாமல் பார்த்துக்கொண்டார். மாறினால் அலை தலைகீழாகி, ஈசியூ படிக்கும் நிலை தப்பாகிவிடும். அது இன்னொரு புதுக் கோளாறாக வந்து நிற்கும். கிளிப் மாட்டி, வயர் மேல் வெப்பம் தாங்கும் உறை போட்டு, ஹீட் ஷீல்டிலிருந்து விலக்கிக் கட்டினார்.

அப்புறம் அதே மதியத்தில், அதே முறையில், மறுபடி முழுக்க ஓட்டினோம். சூடேற்றி, தேக்கி, முதல் கியரில் ஆட்டி. போதாதென்று நிறுத்தி வைத்து எஞ்சின் ஓடும்போதே வயரைக் கையால் இழுத்தும் பார்த்தார். திரையில் ஒரு பல்கூட விடவில்லை. முன்னால் எப்படிச் செய்தால் நின்றதோ, அப்படியே செய்தும் நிற்கவில்லை என்பதால் இந்த முறை ‘சரியாகிவிட்டது’ என்பதை நம்ப முடிந்தது. த்ராட்டில் கிளீனிங்குக்குப் பிறகோ, சென்சார் மாற்றிய பிறகோ இப்படிச் சரிபார்க்க வழியே இருக்கவில்லை. வரவழைக்கவே தெரியாத கோளாறு போய்விட்டதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

பில்லில் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. தேவையில்லாமல் மாற்றிய சென்சாரின் கணக்கைக் கேட்டோம். மின் பாகம் திரும்ப எடுப்பதில்லை என்பது அவர்கள் விதி. கடைசியில் வயர் வேலைக்கான கூலியைக் கழித்துக்கொண்டார்கள். கிளட்ச் வேலையில் கிளிப் விட்டுப்போனதை ஒப்புக்கொள்ளச் சொல்லிக் கேட்டதற்கு அட்வைசர் கடைசிவரை நேராகப் பதில் சொல்லவில்லை. ஜாப் கார்டில் மட்டும் அண்ணன் தன் கையால் எழுதியிருந்தார்: ‘கிராங்க் சிக்னல் வயர் உள்முறிவு, கிளிப் இல்லாததால் வெப்பத்தில் சேதம்.’ அதை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டோம். பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி வந்தோம். ஹீட் கன்னில் சூடேற்றி அளந்ததில் ஓம் சீராக ஏறி, ஆறியதும் சீராக இறங்கியது. அது இப்போது டிக்கியில் ஸ்பேராகக் கிடக்கிறது.